நான்கு மாதம் பத்து நாள் தோட்டம்

அச்சரப்பாக்கம்
25.08.2024

அன்புள்ள ஷாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் நாத்தனார் சம்சாத் பேகம் எழுதுகிறேன். வழக்கமாக நலம் விசாரிக்கும் இடத்தை இன்று காலியாக விடுகிறேன். தம்பி கமால் போய்ப் பதின்மூன்று நாள்தான் ஆகிறது. உன்னிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். என் காது மெஷினைப் போனில் ஒட்டினால் விசிலடிக்கிறது, உனக்குத் தெரியும். வாட்ஸ்அப் என்றால் முபஷ்ஷிர் போனில்தான் எழுத வேண்டும். பெற்ற மகன்தான், இருந்தாலும் பெண்கள் பேசிக்கொள்வதை அவன் எதற்குப் படிக்க வேண்டும்? தபால்காரருக்கும் கொஞ்சம் வேலை கொடுப்போம்.

இத்தா முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. டிசம்பர் பதினெட்டு வரை நீ வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. முபஷ்ஷிரின் அத்தா மவுத்தானபோது நானும் இத்தா இருந்தேன். என்னை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் கம்பியை எண்ணி முடித்து, ஒவ்வொரு கம்பியிலும் எத்தனை இடத்தில் துரு என்று எண்ண ஆரம்பித்தேன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். உனக்கு அது வேண்டாம்.

அதனால் இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். சொந்த வீட்டு மதிலுக்குள் மண்ணைக் கொத்துவதில் தப்பில்லை என்றார். சமையலறைக்குப் பின்னால் கமால் பழைய படகு இன்ஜின் சாமானெல்லாம் போட்டு வைத்திருப்பானே, அந்த இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்குமா? அதைச் சுத்தம் செய்து ஏதாவது காய்கறி போடு. இங்கே எங்கள் தெருமுனையில் விதைக்கடை இருக்கிறது. என்ன வேண்டுமென்று யோசித்து எழுது, கவரில் வைத்து அனுப்புகிறேன்.

எதையாவது சாப்பிடு. அழுகை வந்தால் அழு. அழுகையை யாரும் தடுக்கவில்லை.

துஆவுடன்,
சம்சாத் பேகம்


கோவளம்
03.09.2024

அக்காவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஞானம்மாள் தபால்காரரிடம் வாங்கி வந்து கொடுத்தாள். இதையும் அவள்தான் மீன் விற்கப் போகும் வழியில் பெட்டியில் போடுவாள். கொஞ்சம் வஞ்சிர வாடை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவர் துண்டு கொடியிலேயே கிடக்கிறது. எடுக்கவும் மாட்டேன் என்கிறேன், அந்தப் பக்கம் போகவும் மாட்டேன் என்கிறேன். சோறு இறங்கவில்லை.

இடத்தைப் போய்ப் பார்த்தேன். இன்ஜின் சாமானை ஞானம்மாளும் நானும் இழுத்து ஓரமாகப் போட்டோம். அடியில் வெறும் கடல் மணல். ஞானம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாத்துக்குக்கா இந்த மண்ணுல விதை போடுற? உப்பு பூத்துக் கீது. சரி, மீன் செதில் வேணும்னா சொல்லு, கூடை கூடையா தர்றேன்" என்றாள்.

யோசித்து எழுதச் சொன்னீர்கள். நாலு மாதம் பத்து நாளுக்குள் முளைத்து, காய்த்து, முடிந்துவிடுகிற மாதிரி அனுப்புங்கள். சிறுகீரை, முள்ளங்கி, வெண்டை, இது போதும். கொடி வேண்டாம், மரம் வேண்டாம். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் நான் ஒருத்தி யாருக்காக மரம் வளர்ப்பது? இத்தா முடிந்ததும் கேளம்பாக்கத்தில் தன் ஃபிளாட்டுக்கு வந்துவிடு என்கிறான் என் தம்பி. மூன்றாவது மாடி. போய்விடலாம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இத்தாவில் பூ வைக்கக் கூடாது. வெண்டைச் செடி பூத்தால் பார்க்கலாம்தானே?

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியில் பார்த்து இறங்குங்கள்.

ஷாஹிதா


அச்சரப்பாக்கம்
12.09.2024

அன்புள்ள ஷாஹிதாவுக்கு ஸலாம்.

முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி சுகம். நீ ஒரு வாய் சோறு தின்றாய் என்று எழுது, நான் இன்னும் சுகமாக இருப்பேன்.

கேட்ட விதையெல்லாம் உள்ளே பொட்டலமாக வைத்திருக்கிறேன். சிறுகீரையை மணலோடு கலந்து தூவு, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிப்போகும். வெண்டையை ஓர் இரவு ஊற வை. மணல் தண்ணீரை நிறுத்தாது, அதனால் காலையும் மாலையும் ஊற்று. தேங்காய் நார் கிடைத்தால் செடியைச் சுற்றிப் போடு. பூவைப் பார்க்கலாம். கேள்வியைப் பார், கேள்வியை.

ஆனால் உன் பட்டியலைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இதென்ன நாலு மாதக் கணக்கு? பதினாறு வருஷம் நீ பெருக்கிக் கழுவிய வீடு அது. அத்தா அந்த வீட்டை எழுதும்போது கமால் சின்னப் பையன் என்பதால் மூத்தவர் நைனா அண்ணன் பேரிலும் என் பேரிலும் எழுதினார். கமாலுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் விட்டுவிட்டோம். பத்திரத்தில் யார் பேர் இருந்தால் என்ன? கமாலை அடக்கம் செய்துவிட்டு வந்து அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னாரே, "ஷாஹிதாவ இந்த வூட்ட வுட்டு யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் கீறேன்" என்று. கதவுக்குப் பின்னால் நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?

அதனால் எங்கேயும் போகாதே. ஒரு முருங்கைக் கம்பு நடு. ஒரு கறிவேப்பிலை. ஓர் எலுமிச்சை வை, நாலு வருஷத்தில் காய்க்கும். நான் வந்து ஊறுகாய் போட்டுத் தருகிறேன். நீ போடும் ஊறுகாயில் உப்பு எப்போதும் குறைவு, கமால் என்னிடம் சொல்லியிருக்கிறான்.

துஆவுடன்,
அக்கா


கோவளம்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது, மன்னியுங்கள். எழுத விஷயம் வளரட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று சிறுகீரை பறித்தேன். இரண்டு பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்து, சட்டியில் இருந்த சோறு முழுக்கத் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் அவருக்கு எடுத்து வைக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் பதறினேன். அப்புறம் நினைவு வந்து, தட்டின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனாலும் தின்றேன், அக்கா.

முள்ளங்கி சரியில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், இரண்டு கால் முளைத்து நிற்கிறது. வெண்டை முழங்கால் உயரம் வந்துவிட்டது. காலையில் பஜ்ரு தொழுதுவிட்டு நேராக அங்கேதான் போகிறேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு டீ போடுவேன். இப்போது அந்த நேரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைத் தம்பிக்குப் போனில் படித்துக் காட்டினேன். கேளம்பாக்கத்துக்கு வரவில்லை, இங்கேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். இங்கேயே தையல் மெஷினை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். இத்தா முடிந்ததும் ஞானம்மாள் தெருவிலிருந்தே துணி வந்துவிடும்.

முருங்கைக் கம்பு ஞானம்மாள் கொண்டுவருகிறாள். எலுமிச்சைக் கன்றைத் தம்பியிடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். குழி தோண்டத் தொடங்கிவிட்டேன். கிணற்றுப் பக்கம் வைக்கலாமா, மதில் ஓரமா? வேர் பரவினால் கிணற்றுச் சுவரை உடைக்குமா? விதைக்கடையில் கேட்டு எழுதுங்கள்.

இந்த வீட்டில் நான் கிழவியாகப் போகிறேன் என்று முதல் தடவையாக நினைத்தேன். நினைத்தபோது பயமாக இல்லை.

ஷாஹிதா


அச்சரப்பாக்கம்
19.10.2024
(இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை)

ஷாஹிதா,

ஸலாம். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

வீட்டை விற்றாகிவிட்டது. நேற்று முன்தினம், வியாழக்கிழமை. உங்கள் மதிலுக்கு வடக்கே இருக்கும் இரண்டு மனையையும் வாங்கிய ரிசார்ட்காரர்களுக்குக் கடற்கரைக்கு வழி வேண்டுமாம். அந்த வழி நம் வீடாம். அண்ணன் பத்திரத்தோடு வந்தார். இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அவருடையது ஏற்கெனவே இருந்தது.

நான் கேட்டேன், ஷாஹிதா. கேட்கவில்லை என்று நினைக்காதே. "அவ எங்கண்ணே போவா?" என்றேன். "அவ தம்பி கேளம்பாக்கத்துல மாடி வூடு வச்சிக்கினு கூப்புட்டுக்கினே கீறான். நீ இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீ இருக்குறது என் வூட்டு மாடி. அத என்னிக்காவது நான் சொல்லிக் காட்டியிருக்கனா?" என்றார்.

சொல்லிக் காட்டியதில்லை. அன்றுதான் முதல் தடவை.

கையெழுத்துப் போட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். முபஷ்ஷிரையும் கூட்டிக்கொண்டு இந்த வயதில் எங்கே போவேன் என்று பயந்துவிட்டேன். நீ எங்கே போவாய் என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

போகும்போது அண்ணன் சொன்னார், "இத்தாவுல கீற பொண்ணு காதுல இந்தப் பேச்செல்லாம் வுழக் கூடாது, பாவம். நீ ஒண்ணும் எழுதாத. பதினெட்டாந்தேதி முடியட்டும், நானே போயி பக்குவமா சொல்றேன்." அது சரியென்றுதான் எனக்கும் பட்டது. துக்கத்தில் இருப்பவளிடம் சொத்துப் பேச்செடுப்பது நம் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் உன் கடிதம் நேற்று வந்தது. வேர் கிணற்றுச் சுவரை உடைக்குமா என்று கேட்டிருக்கிறாய்.

இதை அனுப்ப முடியாது. இரண்டு மாதம் ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு இதை நீ எப்படிச் சுமப்பாய்? கிழிக்கவும் கை வரவில்லை.

அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

சம்சாத்


அச்சரப்பாக்கம்
22.10.2024

அன்புள்ள ஷாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு துஆ செய்கிறேன்.

நீ சாப்பிட்டதை எழுதியிருந்தாய், சந்தோஷம்.

விதைக்கடையில் விசாரித்தேன். முருங்கை வேண்டாம் என்கிறார்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வந்து சுவரெல்லாம் ஏறும். எலுமிச்சையும் உப்புக்காற்றுக்கு ஒத்துவராதாம், இலை கருகிவிடுமாம். கறிவேப்பிலை வளர நாளாகும். கொத்தவரை, தட்டைப்பயறு போடு. இரண்டு மாதத்தில் பலன் தரும். விதை உள்ளே இருக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சம்சாத் பேகம்


கோவளம்
05.11.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

முழங்கால் வலி குறைந்ததா? மழை ஈரத்தில் அதிகமாகியிருக்குமே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதல் வெண்டைக்காய் பறித்தேன். ஏழு காய். நுனியை ஒடித்துப் பார்க்கவே தேவையில்லை, அத்தனை பிஞ்சு. பூ வெளிர் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்பாக இருந்தது. நீங்கள் அனுமதி கொடுத்தபடி பார்த்தேன்.

எலுமிச்சை விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் வை வை என்றீர்கள். அக்டோபரில் வேண்டாம் என்கிறீர்கள். உப்புக்காற்றா? ஞானம்மாள் வீட்டு எலுமிச்சை என் மதிலிலிருந்து முப்பதடி தூரத்தில் காய்த்துத் தொங்குகிறது. அதற்குக் கடல் இன்னும் பக்கம். உங்கள் விதைக்கடைக்காரர் ஒரு தடவை இங்கே வந்து அந்த மரத்திடம் சொல்லிப் பார்க்கட்டும்.

குழி இரண்டடி ஆழம் தோண்டிவிட்டேன். செம்மண்ணும் ஆட்டெருவும் வாங்கி வைத்திருக்கிறேன். நான் நடத்தான் போகிறேன், அக்கா. நட்டால் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும், தெரியும். நடக் கூடாது என்றால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். என்ன காரணமாக இருந்தாலும் சரி. பூச்சி, உப்பு எல்லாம் வேண்டாம், உண்மைக் காரணம் எழுதுங்கள். அன்றைக்கே குழியை மூடிவிடுகிறேன், ஏனென்று மறுபடி கேட்க மாட்டேன்.

பதிலுக்குக் காத்திருப்பேன்.

ஷாஹிதா


அச்சரப்பாக்கம்
20.11.2024

அன்புள்ள ஷாஹிதாவுக்கு ஸலாம்.

காதில் சீழ் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் தாமதம். இப்போது பரவாயில்லை.

எலுமிச்சை உன் இஷ்டம்.

முள்ளங்கி விதை கொஞ்சம் வைத்திருக்கிறேன். நாற்பது நாளில் வந்துவிடும்.

சம்சாத் பேகம்


கோவளம்
06.12.2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம்.

புயல் உங்கள் பக்கம்தான் கடுமை என்று ஞானம்மாள் சொன்னாள். ஏரி உடையும் என்று பேசிக்கொண்டார்களாமே. மாடியில் இருப்பதால் தண்ணீர் வந்திருக்காது என்று தைரியமாக இருந்தேன். முபஷ்ஷிர் பத்திரமா?

இங்கே வெண்டை எல்லாம் சாய்ந்துவிட்டது. கொத்தவரை வேரோடு போய்விட்டது. நீங்கள் கடைசியாக அனுப்பிய முள்ளங்கியை நான் விதைக்கவே இல்லை. நாற்பது நாள் என்று எழுதியிருந்தீர்கள். இத்தா முடிய அப்போது இருபத்தைந்து நாள்தான் இருந்தது.

எலுமிச்சை மட்டும் நிற்கிறது. போன மாதம் நட்டேன். புயலில் போய்விடும் என்று ஒரு கோணியைச் சுற்றி, அவருடைய வலைக் கயிற்றால் கட்டி வைத்தேன். விடிந்து பார்த்தால் இரண்டு புதுத் துளிர். பெரிய மச்சானுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பதினெட்டாம் தேதி நீங்கள் வர வேண்டும். வேறு யாரும் வராவிட்டாலும் சரி. பஸ்ஸில் ஏற முடியாதென்றால் தம்பியிடம் சொல்லிக் கார் அனுப்புகிறேன். உங்களுக்குப் பிடித்த தேங்காய்ச் சோறும் கறியும் ஆக்கி வைக்கிறேன்.

அதற்குள் என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நேரில்தான் சொல்ல வேண்டுமென்றால் நேரில் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்வேன். நீங்கள் சொன்னால் எதையும் கேட்டுக்கொள்வேன்.

உங்கள் தங்கை,
ஷாஹிதா


அச்சரப்பாக்கம்
13.12.2024

அன்புள்ள ஷாஹிதாவுக்கு ஸலாம்.

நாங்கள் பத்திரம். உன் இத்தா நல்லபடியாக முடியப்போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

என்னால் வர முடியவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் படி இறங்கக் கூடாது என்கிறார். நைனா அண்ணனும் அண்ணியும் வருவார்கள். உனக்குப் புதுப்புடவை எடுத்து அண்ணியிடம் கொடுத்திருக்கிறேன். சந்தன நிறம், உனக்குப் பொருந்தும். குளித்து முடித்து அதைக் கட்டிக்கொள்.

அண்ணன் உன்னிடம் சில விஷயம் பேசுவார். பொறுமையாகக் கேள். பெரியவர், உன் நல்லதுக்குத்தான் சொல்வார்.

என்னைத் தப்பாக நினைக்காதே.

அக்கா


கேளம்பாக்கம்
02.01.2025

அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது மாடிதான். தம்பி, தம்பி மனைவி எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை. உங்கள் முழங்கால் தேவலையா என்று கேட்டு எழுதுகிறேன். நிஜமாகத்தான் வீங்கியிருந்தது என்று நம்பிக்கொள்கிறேன்.

பெரிய மச்சான் வந்தார். சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. கமால் பேரைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் டீ கொடுத்தேன். "ஒண்ணும் பேச மாட்டேன்றியேம்மா, உனுக்கு அதிர்ச்சியா கீதா?" என்றார். இல்லை மச்சான், எனக்கு ஐம்பத்து மூன்று நாளாகத் தெரியும் என்றேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை. பின்பக்கம் நான்கைந்து ஆண்கள் பேசும் சத்தம் கேட்டது. குழி தோண்டிக்கொண்டிருந்தவள் கடப்பாரையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மதிலுக்கு வெளியே கொஞ்ச நேரம், உள்ளே கொஞ்ச நேரம் நடந்தார்கள். அவர்கள் போன பிறகு ஞானம்மாள் வந்தாள். "இன்னாக்கா, உள்ள ஒக்காந்துகினு கீற? டேப்பு புடிச்சி அளந்துகினு போறானுங்க. வூட்ட வித்துட்டாங்களாமே! அந்தக் கூலிங்கிளாஸ்காரனே சொல்றான். உனுக்கு யாரும் சொல்லலியா?" என்றாள். என் வீட்டை அளக்க வந்தவர்கள் கண்ணில் நான் பட்டுவிடக் கூடாதே என்று, நானே கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன், அக்கா. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கிறது. உங்களுக்காகவும் சேர்த்து அவமானமாக இருக்கிறது.

முதலில் நம்பவில்லை. அக்காவின் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது, அக்கா போட்டிருந்தால் எனக்கு எழுதியிருப்பார் என்று ஞானம்மாளிடம் சண்டை போட்டேன். இரண்டு நாள் கழித்து முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி வரும் என்று உங்கள் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகுதான் நம்பினேன்.

ஆனாலும் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டேன். வெறும் சண்டைக்காகக் கேட்கவில்லை. உன் இஷ்டம் என்று எழுதிவிட்டீர்கள். அப்புறம் ஒரு பொய் எழுதினேன். நான் எலுமிச்சையே நடவில்லை, அக்கா. கன்று வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் அக்டோபரிலேயே சொல்லிவிட்டேன். கோணி, வலைக் கயிறு, இரண்டு துளிர், எல்லாம் நானே ஜோடித்தது. இடிக்கப்போகும் வீட்டில் ஒருத்தி கன்றுக்குக் கோணி சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று படித்தால் உங்களால் தாங்க முடியாது, அன்றைக்காவது சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். தாங்கிக்கொண்டீர்கள். புடவை அனுப்பினீர்கள்.

வீடு போனதில் கோபமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். கோபம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வேறு வழியிருந்திருக்காது என்பதும் எனக்குப் புரியும். நீங்கள் இருப்பது யார் வீட்டு மாடி என்று எனக்குத் தெரியாதா? கையெழுத்துப் போட்ட அன்றே, ஷாஹிதா, எனக்குப் பயமாக இருந்தது, போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தால், நான் உங்களைத் தேற்றி எழுதியிருப்பேன். இரண்டு பேருமாக அழுதிருக்கலாம். துக்கத்தில் இருப்பவளிடம் பேசக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினீர்கள். அந்த ஐம்பத்து மூன்று நாளும் அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். அவர் போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

நேற்று தம்பி மனைவி பால்கனியில் இரண்டு தொட்டி வாங்கி வைத்து, "உங்களுக்குத்தான் கைராசி ஆச்சே, என்ன போடலாம் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண். எனக்கு ஒரு காயின் பேர்கூட வாயில் வரவில்லை. தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இனி கடிதம் போட வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதையும் எழுத முடியவில்லை. அவர் போன பிறகு, சாப்பிட்டாயா என்று எனக்குத் தாளில் எழுதிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதுங்கள். எப்போது முடிகிறதோ அப்போது எழுதுங்கள். காய்கறியைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள்.

ஷாஹிதா